புலவரின் பாட்டும் 2003 நவம்பரும்

ஆடிப்பிறப்புக்கு முன்பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் வேண்டும் என்று எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஆசிரியை அக்கா கேட்டார். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு, பக்கத்துக்குப் பக்கம் கோட்டுப்படம், பிள்ளைகள் நிறம் தீட்டலாம். பக்கம் அமைப்பது என் தொழில், படம் கீறுவது ஆசை. உடனே சரி என்றேன்.

"அது சரி தம்பி, புலவரை நாட்டுடைமை ஆக்கியாச்சோ?"

இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வரும். தமிழ்நாட்டுச் சஞ்சிகைகள் படித்து வளர்ந்தவர்கள் அல்லவா நாங்கள். பாரதியார் தொடங்கி எத்தனையோ பேரின் எழுத்தை அந்த அரசு, குடும்பத்துக்குப் பணம் கொடுத்துப் பொதுவில் விட்டிருக்கிறது. நமக்கு அதெல்லாம் தேவையில்லை, ஆண்டுக் கணக்குப் பார்த்தால் போதும். இலங்கையில் பதிப்புரிமை எழுதியவர் இறந்த பிறகு 70 ஆண்டு, அதுவும் அந்த எழுபதாவது ஆண்டின் கடைசி நாள் வரை. புலவர் காலமானது 1953இல். ஆக 2024 ஜனவரி 1 முதல் அவர் பாட்டு எல்லாருக்கும் சொந்தம்.

அதே நாளில்தான் அமெரிக்காவில் 1928ஆம் ஆண்டின் மிக்கி மவுஸும் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டது. கையுறை போடாத அந்தப் பழைய மிக்கியை வைத்துப் பேய்ப்படம் எடுக்கப் போகிறோம் என்று உடனேயே சிலர் அறிவித்தார்கள். உலகமெல்லாம் அதுதான் செய்தி. புலவரைப் பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

எனக்கு எரிச்சல் வேறொன்றில். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே 50 ஆண்டுதான். அதுவே தொடர்ந்திருந்தால் புலவரின் கணக்கு 2003ஆம் ஆண்டோடு தீர்ந்திருக்கும். பார்த்தால் அதே 2003 நவம்பரில் புலமைச் சொத்துச் சட்டம் புதிதாக வந்து 50ஐ 70 ஆக்கிவிட்டது. வாசல்வரை வந்தவரைப் பிடித்து இன்னும் இருபது வருடம் உட்கார வைத்த மாதிரி. இந்தியாவில் 60 ஆண்டு என்பதால், சென்னையில் ஒரு அச்சகக்காரர் இதே பாட்டை நமக்குப் பத்து வருடம் முன்பே தாராளமாகப் போட்டிருக்கலாம்!

உரிமை தீர்ந்தாலும் வேலை தீரவில்லை. இணையத்தில் கிடக்கும் பாட்டில் இடத்துக்கு இடம் சொல் மாறுகிறது, சிலதில் அடியே விடுபட்டிருக்கிறது. 1981இல் பொதுநூலகம் எரிந்த யாழ்ப்பாணத்தில் பழைய பதிப்பைத் தேடுவது லேசான காரியமா? பழைய ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் துழாவி, பாடமாக்கி வைத்திருக்கும் வயதானவர்களைச் சொல்லச் சொல்லி ஒத்துப்பார்த்தேன். சிறுவர்கள் பாடிய ஒரு ஒலிப்பதிவை அக்கா அனுப்பி, அதையும் சேர்க்கலாமே என்றார். கூடாது. பாட்டு புலவருடையது, பதிவு பாடியவர்களுடையதும் வெளியிட்டவருடையதும், அதற்குக் கணக்கு வேறு. நம் பிள்ளைகளையே பாடவைத்துப் பதிவோம் என்றேன்.

அப்புறம் பலாவிலைச் சண்டை. பாட்டில் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி, மடித்துக் கோலிக்கொண்டு வருவார்கள், தாய் அகப்பையால் கூழ் வார்ப்பாள். நான் இலையைக் கூம்பாக மடித்து ஈர்க்குக் குத்தி, நரம்புகூடத் தெரியக் கீறியிருந்தேன். "இப்பத்தைப் பிள்ளைகள் பிளாஸ்டிக் கப்பில்தானே குடிக்கினம், அதைக் கீறுங்கோவன்" என்றார் அக்கா. சட்டம் தடுக்காது, என்ன மாற்றமும் செய்யலாம். ஆனால் வரி இலை என்று சொல்லும்போது படம் கப் என்று சொன்னால் பிள்ளை எதை நம்பும்? கடைசியில் இலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பின்னட்டையில் ஒரு வெறும் பெட்டி விட்டு, "நீ எதில் கூழ் குடித்தாய்? கீறு" என்று போட்டிருக்கிறேன்.

முன்னட்டையில் புலவர் பெயர் பெரிய எழுத்தில், என் பெயர் உள்ளே ஒரு மூலையில். படக் கோப்புகள் வேண்டிய முன்பள்ளிகள் கேளுங்கள், அனுப்புகிறேன். காசு வேண்டாம், அச்சுச் செலவு உங்களுடையது.