எங்கள் பூங்காவுக்கு ஆமை வந்த கதை

திருவான்மியூர்ப் பக்கம் எங்கள் தெருவை ஒட்டி ஒரு சின்ன மாநகராட்சிப் பூங்கா. அதில் சிற்பம் ஒன்று வைக்கலாம் என்று நலச்சங்கத்தில் முடிவானது. பணம் எங்கள் வசூல், அனுமதி மாநகராட்சி தரவேண்டும். தேர்வுக் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

முதலில் வந்த யோசனை, வேறென்ன, தலைவர் சிலை. பொதுச் சாலை, நடைபாதை போன்ற இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னதிலிருந்து அதிகாரிகளுக்கு அந்தப் பேச்சே அலர்ஜி. பூங்காவைக் கவனிக்கும் பொறியாளர், "தலைவர் சிலைன்னா ஃபைல் என் மேசையில நிக்காது சார்" என்றார். அடுத்தது பிள்ளையார். "ஒரே வாரத்துல உண்டியல் வந்துடும்" என்று ஒரு மாமி சொன்னதும் அதுவும் போயிற்று.

அப்புறம் எதில் செய்வது என்ற பேச்சு. ஏற்கெனவே நின்ற ஃபைபர் மான் வெயிலில் வெளுத்து, உடைந்த காலில் நார் துருத்திக்கொண்டிருந்தது. கடற்காற்றில் எங்கள் ஜன்னல் கம்பிகள் படும் பாட்டைப் பார்த்தவர்கள் இரும்பு என்று வாயே திறக்கவில்லை. ஆக, கருங்கல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேரே போனால் மாமல்லபுரம்.

அங்கே சிற்பி முதலில் கேட்டது, "பசங்க ஏறுவாங்களா?" ஏறாமல் இருப்பார்களா! அப்படியானால் நீட்டிய கை, மெல்லிய விரல், கூரான கொம்பு எதுவும் வேண்டாம், தாழ்வாக உருண்டையாக ஏதாவது சொல்லுங்கள் என்றார். அர்ச்சுனன் தபசுப் பக்கம் இருக்கும் குரங்குக் குடும்பத்தைப் போய்ப் பார்க்கவும் சொன்னார். ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு, ஒட்டி உட்கார்ந்திருக்கும் உருவங்கள். உட்கார்ந்த எருமை செய்யலாமா என்று நான் கேட்டேன். காலை நடைக்கு வரும் பெரியவர்கள் எதிரில் எமன் வாகனமா என்று கூட்டத்தில் அதைத் தள்ளிவிட்டார்கள்.

ஆமை என்றது இளைஞர்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கடற்கரைக்குத்தான் வருகின்றன. 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறது. உடனே ஒருவர் "ஆமை புகுந்த வீடு" என்று ஆரம்பித்தார். "இது வீடில்லையே அங்கிள், பார்க்தானே" என்றாள் கல்லூரிப் பெண். கை தூக்கிக் கணக்கெடுத்தோம். ஆமை ஜெயித்தது.

களிமண் மாதிரியைப் பார்த்துத் துடுப்புகளைப் பீடத்தோடு ஒட்டவைக்கச் சொன்னோம். ஓட்டுக்குப் பளபளப்பு வேண்டாம், உளிவேலையே போதும் என்றோம், மழையில் வழுக்கும். கருங்கல் ஒரு கனமீட்டரே 2,600 கிலோவுக்கு மேல். எங்கள் ஆமை ஒரு டன்னைத் தாண்டியது. கிரேன் வாசலில் நுழையாது என்பதால் விடியற்காலையில் மதிலுக்கு மேலாகத்தான் இறக்கினார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய சண்டை கல்வெட்டில் யார் பெயர் போடுவது என்பதில்தான். நன்கொடையாளர் பட்டியலே ஆமையைவிட நீளம். கடைசியில் சிற்பியின் பெயரும் ஆண்டும் மட்டும் போதும் என்று ஆனது. இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.