கல்லுக்குக் கணக்கு எழுதியவள் கல்லைப் படிக்கப் போனது: ஏழு மாதக் குறிப்பு

பதினேழு வருடமாக நான் கல்லுக்குக் கணக்கு எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுத்து பாலிஷ் போட்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பிளாக் என்றால் கன மீட்டர், ஸ்லாப் என்றால் சதுர மீட்டர், இரண்டு சென்டிமீட்டர் கனமா மூன்றா, பாரடைசோவா கருப்பா, எந்தக் கன்டெய்னர், சென்னைத் துறைமுகத்துக்கு என்றைக்குப் போகிறது என்ற அளவில்தான் எனக்குக் கல்லைத் தெரியும். காலையில் பர்கூரில் டவுன் பஸ், சாயங்காலம் அதே பஸ், அதே ஜன்னல், வீட்டில் அம்மா, சீரியல், களி, தூக்கம்.

அப்பா போனபோது எனக்கு 23. அப்புறம் தம்பி படிப்பு, வீட்டுக் கடன், தம்பி கல்யாணம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும், ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் சரி என்றுதான் பட்டது, ஆனால் நாற்பது வயதில் திரும்பிப் பார்த்தால் நானாகப் பார்த்து எடுத்தது என்று சொல்ல போன் கவரைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திவிட்டார்கள். பதினொரு மணிக்கு யூபிஎஸ்ஸும் உயிரை விட்டது. வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும் வழியில் அரசு அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. வெயிலுக்காகத்தான் நுழைந்தேன், பெரிய ஆர்வம் எல்லாம் கிடையாது.

உள்ளே ஒரு நடுகல், சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல். கையில் வில்லோடு ஒரு ஆள், உடம்பில் அம்பு, தலைக்கு மேலே மூன்று வரி எழுத்து. பத்தாவதில் தமிழில் 92 வாங்கியவள் நான், அதில் ஒரு எழுத்துகூட எனக்குப் படிக்க வரவில்லை. தமிழ்தான், வட்டெழுத்து என்கிற பழைய எழுத்தில் இருக்கிறது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். நம்ம ஊர்க் கல், நம்ம பாஷை, நான் தற்குறி மாதிரி நிற்கிறேன். அன்றைக்கு வந்த எரிச்சல்தான் ஆரம்பம், வேறு ஞானோதயம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் முழுக்க எழுத்து. பழைய லெட்ஜரின் எழுதாத பக்கங்களில் ராத்திரி பத்துப் பத்து எழுத்தாகப் போட்டுப் பார்த்தேன். நான் படித்த பள்ளியின் தமிழாசிரியர், இப்போது ஓய்வில் இருக்கிறார், அவரிடம் போய் நின்றேன். 1970களில் தொல்லியல் துறை வெளியிட்ட நடுகல் தொகுப்பின் ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்தார், எலி கொஞ்சம் தின்றது போக மீதி. அதில்தான் எடுத்தனூர்க் கல் இருந்தது. செங்கம் பக்கம், நம் ஊத்தங்கரையைத் தாண்டினால் வந்துவிடும் சீமை. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் செத்துப்போகிறான், அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்ளர்களைக் கடித்து நின்று காத்தது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 1,400 வருடத்துக்கு முந்தைய நாய், பெயரோடு! அன்று ராத்திரி சீரியல் பார்க்கவில்லை.

வட்டெழுத்தில் என்னைப் படுத்தியவை மூன்று. ஒன்று, காலம் போகப் போக ப, வ, ய எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல ஆகிவிடுகின்றன. இரண்டாவது, புள்ளி பெரும்பாலும் வைக்கமாட்டார்கள், ஆகவே ‘பட்டான்’ என்பது ‘படடான’ என்று நிற்கும், இடம் பார்த்து நாமே புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை, இது மூன்றாவது. பல்லவ ராஜா பெயரைச் சொல்லும் கல்லில்கூட இந்தப் பக்கத்தில் எழுத்து வட்டெழுத்துதான். ராஜா யாராக இருந்தாலும் ஊரில் பழகிய எழுத்தில்தானே ஊரார் வெட்டுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். சொற்கள் மட்டும் சீக்கிரம் பழகிவிட்டன. ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை. தொறுக் கொண்டான் என்றால் மந்தையைக் கவர்ந்தான், மீட்டான் என்றால் மீட்டான், பட்டான் என்றால் போய்விட்டான். தை பிறந்தால் எருது விடும் விழா என்று ஊரே ரோட்டில் நிற்கிற சீமையில் மாட்டுக்காக உயிர் விட்டவனுக்குக் கல் நட்டதில் எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

மே மாதம், மாம்பழ லாரிகள் வரிசை கட்டி நின்ற சமயம், படியெடுக்கப் பழகினேன். மைப்படி என்பார்கள். கல்லைக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் மேடு கருப்பாகவும் பள்ளம் வெள்ளையாகவும் வரும். கேட்க சுலபமாக இருக்கிறதா, எனக்கும் அப்படித்தான் இருந்தது. எடுத்த எடுப்பில் நடுகல் பக்கம் போகக் கூடாது என்று தமிழாசிரியர் ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு பெயர்ப்பலகையைக் கேட்டு வாங்கி வந்தேன். ‘அன்னை இல்லம்’ என்று வெட்டவேண்டியதை ‘அன்னை இல்லாம்’ என்று வெட்டிவிட்டார்கள். அம்மா அதைப் பார்த்து, “நல்ல சகுனமாத்தான் தூக்கிட்டு வந்திருக்க” என்றார்.

பாலிஷ் போட்ட கல்லில் காகிதம் நிற்காது, வழுக்கிக்கொண்டு இறங்கும் என்பது முதல் பாடம். பின்பக்கம் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே எழுத்து இல்லையே. உப்புத்தாள் போட்டு முன்பக்கத்தைத் தேய்த்து பாலிஷைக் கெடுத்தேன் (பாலிஷ் போடுவதற்குச் சதுர அடிக்கு எவ்வளவு என்று கணக்கு எழுதுகிற கை). நியூஸ்பேப்பர் தட்டும்போதே பிய்ந்தது, சார்ட் பேப்பர் பள்ளத்துக்குள் இறங்கவே மாட்டேன் என்றது, கடைசியில் மேப்லித்தோ தாள்தான் படிந்தது. துணி துவைக்கிற பிரஷால் தட்டினால் ஓட்டை விழுகிறது, அடர்ந்த முடி உள்ள பெரிய பிரஷ் வேண்டும். மைக்கு விளக்குக் கரியும் கருவேலம் பிசினும், அதை ஒற்றப் பஞ்சைத் துணியில் கட்டிய பொட்டணம்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். காகிதம் ஈரமாக இருக்கும்போது மை ஒற்றினால் ஊறிப்போய் ஒரே கருப்பு அப்பம் ஆகிவிடும், முழுக்கக் காய்ந்துவிட்டால் காகிதமே கல்லை விட்டுக் கிளம்பிவிடும், நடுவில் அரைக்காய்ச்சலாக ஒரு பதம் உண்டு, தோசைக்கல் சூடு பார்க்கிற மாதிரி, அதைச் சொல்லித் தர முடியாது. பன்னிரண்டு காகிதம் வீண். பதின்மூன்றாவதில் ‘இல்லாம்’ தெளிவாக வந்தது.

ஜூன், ஜூலை ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமனே போய்ப் பார்த்துவிட்டு மட்டும் வந்தேன். வேப்பனப்பள்ளி பக்கம் சின்னகொத்தூர், 13ஆம் நூற்றாண்டில் போசள அரசன் ராமநாதன் தலைநகராக வைத்திருந்த குந்தாணி இதுதான். இன்னொரு நாள் மல்லசந்திரம், குன்றுமேல் பாறைப் பலகைகளை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைத்த கல்திட்டைகள், நடுகல் இல்லை, அதற்கும் மிகப் பழையவை. வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், “காசைக் கரியாக்குற” என்று அம்மா சொல்ல முடியாமல் போய்விட்டது, “வெயில்ல கருத்துப் போற” என்று மாற்றிக்கொண்டார். வீட்டில் கரி காய்ச்சுகிறவளுக்கு அது ஒரு பொருட்டா.

ஊர் ஊராகப் போனதில் தெரிந்தது: இந்தப் பக்கம் நிறைய நடுகற்கள் வேடியப்பன் சாமியாகிவிட்டன. எண்ணெய், மஞ்சள், குங்குமம், பொங்கல். அவற்றில் நான் கை வைப்பதில்லை, கும்பிட்டுவிட்டு வருவேன். மற்றவற்றுக்கும் டார்ச் போதும். உச்சி வெயிலில் மொட்டையாகத் தெரியும் கல், விடியற்காலையில் வெயில் சாய்வாக விழும்போது, அல்லது இருட்டில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், எழுத்தெழுத்தாக எழும்பி வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. தயவுசெய்து மாவு, சுண்ணாம்பு தேய்க்க வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவற்றைத் தொட அனுமதி வாங்கியாக வேண்டும்.

ஜூலை கடைசியில் ஆபீசில் கூப்பிட்டு, பெங்களூர் கிளைக்குக் கணக்கு மேலாளராகப் போகச் சொன்னார்கள். சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. தம்பி அங்கேதான் இருக்கிறான், போனிலேயே குதித்தான், மேல் மாடி காலியாகத்தான் இருக்கிறது, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று. நாலு நாள் தூங்கவில்லை. பிறகு போய், பெங்களூர் வேண்டாம், சனிக்கிழமை லீவு வேண்டும், அதற்குச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமையில் வீட்டு வேலை போக அரை நாள்தான் மிஞ்சுகிறது. மேலாளர் என் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். இல்லை சார், கல்வெட்டு படிக்கப் போகிறேன் என்றேன். நம்ம யார்டில் இல்லாத கல்லா என்று சிரித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாதம் 3,200 ரூபாய் குறைந்தது.

தம்பிக்குத்தான் ஆறவில்லை. “அக்கா, எல்லாரும் மேல போவாங்க, நீ என்னாத்துக்குக் கீழ இறங்கற?” என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். இன்றைக்கும் பதில் தெரியாது, ஆனால் அந்தக் கேள்வி இப்போது உறுத்துவதில்லை.

ஆகஸ்டில் முதல் சனிக்கிழமை. ஐயாவும் வந்தார். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், நடுகல்லுக்குக் கீழே புதையல் இருக்கும் என்று தோண்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வரப்போரம், புங்கமரத்தடியில் இடுப்பளவு கல், ஒரு முனை உடைந்தது, பூசை கிடையாது, கன்று கட்டியிருந்தார்கள். நிலத்துக்காரப் பாட்டி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். “பொதையலா கண்ணு? எடுத்தா எனக்குக் கொஞ்சம் குடு” என்றார், சரி என்றோம், கன்றை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டினார்.

கழுவி, குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். ஐயா பின்னால் இருந்து, “காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல்” என்று நடுகல் நடத் தொல்காப்பியர் சொன்ன ஆறு கட்டங்களையும் ஒப்பித்துவிட்டு, இப்போது நீர்ப்படையில், கல்லை நீராட்டுவதில், இருக்கிறோம் என்றார். முதல் காகிதத்தைக் காற்று தூக்கிக்கொண்டு போய்க் கேழ்வரகுக் கொல்லையில் போட்டது. இரண்டாவதில் பாட்டி ஒரு மூலை, ஐயா ஒரு மூலை. தட்டினேன், பதம் பார்த்தேன், ஒற்றினேன். முதலில் கல்லில் இருந்த வீரனுடைய கால் வந்தது, அப்புறம் குறுவாள், அதற்குமேல் எழுத்து. ‘தொறு’ வந்தது. இரண்டு வரி தள்ளி ‘படடான’. யாரும் சொல்லாமல் நானே படித்தேன், சத்தமாகப் படித்தேன், கன்று திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து ஜெராக்ஸ் கட்டைப் புரட்டினால் இந்தக் கல் ஏற்கனவே அதில் இருக்கிறது. கொஞ்ச நேரம் முகம் விழுந்துவிட்டது, மறைக்க மாட்டேன். அப்புறம்தான் விடைத்தாள் திருத்தக் கிடைத்ததே என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். 31 எழுத்தில் ஒன்பது தப்பு. நாலு இடத்தில் வகரத்தைப் பகரம் என்று படித்திருக்கிறேன், ஒரு ‘எழுத்து’ ஏதோ கலப்பை கீறிய கோடு. அவன் பெயர் இருக்க வேண்டிய இடம்தான் உடைந்துபோன முனை, அச்சிலும் அங்கே புள்ளிக்கோடுதான்.

செப்டம்பரில் தெளிவாக இன்னொரு படி எடுக்கலாம் என்று தனியாகப் போனேன், இந்தத் தடவை கரியைக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு. கல் முழுக்க எண்ணெய், மஞ்சள், குங்குமம். எழுத்தின் பள்ளம் எல்லாம் வழவழவென்று நிரம்பியிருந்தது, காகிதம் ஒட்டவே ஒட்டாது. கன்றைக் கட்டும் முளையையும் பிடுங்கி எடுத்துவிட்டிருந்தார்கள். “நீதான கண்ணு சொன்ன, மாட்டுக்காகச் செத்தான்னு? இத்தனை வருசம் அவன்மேலயே கன்னுக்குட்டியக் கட்டி வச்சிருந்தோமே” என்றார் பாட்டி. அன்றைக்குத்தான் மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைத்திருந்தார். பெயர் என்ன என்று கேட்டார், உடைந்துவிட்டது பாட்டி என்றேன், சரி வேடியப்பன்னு கூப்பிட்டுக்கறோம் என்றார்.

காகிதச் சுருளை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.