கீல் இல்லாத நகர்மேடை: இதுவரை வந்த தூரம்

கீல், பேரிங், திருகு எதுவும் இல்லாமல் ஒரே துண்டுப் பிளாஸ்டிக் வளைந்தே வேலை செய்கிற கம்ப்ளையன்ட் மெக்கானிசம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். இருப்பதிலேயே எளிய வகை: இணையாக நிற்கும் இரண்டு மெல்லிய பட்டைகள், கீழே அடித்தளம், மேலே மேடை. தள்ளினால் மேடை சாயாமல் பக்கவாட்டில் நகரும். உரசலும் இல்லை, மூட்டு ஆட்டமும் இல்லை.

பட்டை 40 மிமீ நீளம், 10 அகலம், 0.8 தடிமன். முப்பரிமாண அச்சுக்கு நான் எடுத்த பிளாஸ்டிக்கான பெட்ஜியின் (PETG) மீள்குணகத்தை, அதாவது பொருள் உருமாற எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவை, 2000 மெகாபாஸ்கல் என்று வைத்தால், இரண்டு பட்டைக்கும் சேர்த்து விறைப்பு (ஒரு மிமீ நகர்த்தத் தேவைப்படும் விசை) மிமீக்கு 0.32 நியூட்டன். 5 மிமீ தள்ளும்போது பட்டையின் வேரில் வரும் தகைவு (பொருளுக்குள் ஒரு பரப்பளவில் விழும் விசை) 15 மெகாபாஸ்கல்தான். பெட்ஜி தாராளமாகத் தாங்கும்.

மேடையைப் படுக்கவைத்தே அச்சிட்டேன். அப்போதுதான் இழைகள் பட்டையின் நீளவாக்கில் ஓடும். நிமிர்த்தி அச்சிட்டால் வளையும்போது அடுக்குகள் பிரிந்துவிடும். அப்புறம் 50 கிராம் எடையைத் தொங்கவிட்டு, அதனால் கூடிய நகர்வை மட்டும் அளந்தேன். கணக்குப்படி 1.5 மிமீ வர வேண்டும், வந்தது 1.1. கேலிப்பரில் பார்த்தால் பட்டை 0.9 மிமீ. விறைப்பு தடிமனின் மும்மடியில் ஏறுவதால், இந்த 0.1 மட்டுமே விறைப்பை 42 சதவீதம் கூட்டிவிடுகிறது. 0.9 என்று போட்டால் கணக்கும் 1.08 என்கிறது. மீள்குணகமும் அச்சுக்கு அச்சு கொஞ்சம் மாறும்தான். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தடிமனைத்தான் என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. மேடை பக்கவாட்டில் போகும்போது கொஞ்சம் கீழேயும் இறங்குகிறது. மேலே போட்டது போன்ற நேரியல் கணக்கில் (நகர்வு விசைக்கு நேர்விகிதம் என்று வைப்பது) இது தெரியவே தெரியாது. இத்துறைப் பொறியியல் ஆய்வாளர்களான ஹோவெலும் மிதாவும் வளர்த்தெடுத்த போலித் திடப்பொருள் மாதிரியில் தெரியும்: வளையும் பட்டைக்குப் பதிலாக, அதன் நீளத்தில் 0.85 பங்குள்ள வளையாத கம்பி, இரு முனையிலும் சுருள்வில் கீல். அதாவது 34 மிமீ கம்பி. மேடை 5 மிமீ நகர்ந்தால் இறக்கம் 0.37 மிமீ என்று பள்ளிக்கூட முக்கோணக் கணக்கே சொல்லிவிடுகிறது. இவ்வளவு எளிய மாதிரி இவ்வளவு சரியாக வருவது எனக்கு இன்னும் வியப்புதான்.

இறக்கத்தைப் போக்க, இப்போது மடித்த வடிவத்தை வரைகிறேன். ஓர் இடைத்துண்டு வைத்து நகர்வை இரு ஜோடிப் பட்டைகளுக்குச் சரிபாதியாகப் பிரித்தால், ஒரு ஜோடியின் இறக்கத்தை மற்றொன்று ஈடுகட்டும். விறைப்பும் பாதியாகிவிடும். சரி, அது எனக்கு லாபம்தான். ஆனால் மேடையைப் பிடித்துக்கொண்டாலும் இடைத்துண்டு தன்பாட்டில் ஆடும். அதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.