மகன் வரைந்த குதிரை

2020 டிசம்பரில் என் மகனுக்குப் பத்து வயது. கொரோனாவால் வெளியே போக வழியில்லை, பொழுதுபோக்கு ரிவிதான். இலங்கையின் இருபது ஓவர் கிரிக்கெற் தொடரான லங்கா பிரீமியர் லீக்கின் முதல் பருவம் அப்போது நடந்தது. ஆட்டங்கள் எல்லாம் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் ஒருவரும் இல்லாத மைதானத்தில். எங்கள் திருகோணமலைக்கு அணி கிடையாது. அதனால் எங்களுக்கும் ஜப்னா ஸ்டாலியன்ஸ்தான் (ஸ்டாலியன் என்றால் ஆண் குதிரை) சொந்த அணி. யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரிப் பையன் வியாஸ்காந்த் லெக் ஸ்பின் போட வந்த அன்று எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டில் ஒரே நேரத்தில் கூச்சல். மகன் தன் பழைய பள்ளிக்கூட ரீ-சேர்ட்டில் துணிப் பெயின்டால் ஒரு குதிரை வரைந்தான். நாலு காலும் ஒரே பக்கம் மடிந்திருக்கும், வால் தோள்மூட்டு வரை ஏறும். இறுதி ஆட்டத்தில் காலி அணியை வென்ற இரவு அதைப் போட்டுக்கொண்டு கிணற்றடியைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

அடுத்த வருடம் லைக்கா சுபாஸ்கரன் அணியை வாங்கினார். பெயர் ஜப்னா கிங்ஸ் ஆனது.

"அப்பா, வெண்டவங்கள்தானே? பிறகு ஏன் பேரை மாத்தினவங்கள்?"

ஏகாம்பரம் மைதானத்தில் பயிற்சி எடுக்கிற ஒரு சின்னக் கழகத்துக்கு நான் பொருளாளர். காசு விசயம் விளங்காத ஆள் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. ஊரின் பெயரில் அணி நடத்தும் உரிமையைக் கிரிக்கெற் சபை விற்கிறது, கொம்பனி வாங்குகிறது. ஒப்பந்தம் அந்த இரண்டு பேருக்கும் இடையில். ஊர் அதில் எங்கேயும் கையெழுத்துப் போடுவதில்லை. 2024 வரை நடந்த ஐந்து பருவங்களில் நாலு கிண்ணம் யாழ்ப்பாணத்தின் பெயரில் வந்தது, ஆனால் யாழ்ப்பாண மண்ணில் ஒரு ஆட்டம் நடக்கவில்லை. 2025இல், ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்றவில்லை என்று ஜப்னா, கொழும்பு இரண்டு அணிகளின் உரிமையாளர்களையும் சபை நீக்கியது. தம்புள்ளையைப் பாருங்கள்: வைக்கிங், ஜயன்ற்ஸ், அவுரா, தண்டர்ஸ், சிக்சர்ஸ். அதே ஐந்து பருவத்துக்குள் ஐந்து பெயர். தண்டர்ஸ் உரிமையாளர் 2024இல் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானதால், அந்தப் பெயரில் ஒரு பந்துகூடப் போடாமலே அது போய்விட்டது.

கொம்பனியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஐ.பி.எல்.லில் சென்னை அணியை இந்தியா சிமென்ட்ஸ் 2008இல் 91 மில்லியன் டொலருக்கு எடுத்தது. அணி இரண்டு வருடம் தடையில் இருந்தும் 2018இல் அதே பெயரோடு, அதே மஞ்சளோடு திரும்பி வந்தது. ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் 2009இல் சம்பியன். உரிமையாளர் கடனில் மூழ்க, 2012க்குப் பிறகு அந்த அணியே இல்லை. ஊர்ச்சனத்தின் பாசம் ஒரு கொம்பனியின் கணக்குப் புத்தகத்தில் தொங்கக்கூடாது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 'ஹன்ட்ரட்' என்ற நூறு பந்துத் தொடரின் அணிகளை விற்றபோது, சபை 49 வீதத்தைத் தான் விற்பதற்கு வைத்துக்கொண்டு, மிச்சம் 51 வீதத்தை அந்தந்த மைதானத்துக்குரிய கழகங்களுக்குச் சும்மா கொடுத்தது. லீட்ஸில் யோர்க்‌ஷயர் கழகம் தன் பங்கையும் விற்றது, அணி முழுவதும் சன் குழுமத்துக்குப் போனது. லண்டனில் சரே கழகம் விற்கவில்லை. ரிலையன்ஸுக்குக் கிடைத்தது 49 மட்டும். சரே உறுப்பினர்களின் கழகம். தங்கள் அணியின் ஓவல் இன்வின்சிபிள்ஸ் என்ற பெயரை அவர்களாலும் காப்பாற்ற முடியவில்லை என்பது எனக்குக் கவலைதான். ஆனாலும் பாதிக்கு மேல் பங்கு கையில் இருக்கிறது. இலங்கையில் ஊர்ப்பெயரை விற்கும்போது அந்த மாவட்டக் கிரிக்கெற் சங்கத்துக்கு ஒரு பங்கு, பெயரை மாற்றும்போது அதன் சம்மதம், இதைத்தான் நான் கேட்கிறேன்.

2022 பொருளாதார நெருக்கடியில் எங்கள் கழகத்தின் மற்றிங் (ஆடுகளத்தில் விரிக்கும் பாய்) கிழிந்து போயிருந்தது. ஊர் வியாபாரி ஒருவர் மற்றிங்கும் பதினைந்து ஜேர்சியும் தருவதாகச் சொன்னார். கழகத்துக்குத் தன் கடையின் பெயரை வைக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. மைதானப் படிக்கட்டில் கூட்டம் போட்டோம். பெடியள் பாதிப்பேருக்குச் சம்மதம், அவர்களைக் குறைசொல்ல ஏலாது. கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஐயா எழும்பினார்.

"முதுகில அவர்ர பேரைப் போடுங்கோ, எவ்வளவு பெரிசாயும் போடுங்கோ. நெஞ்சில எங்கட பேர் இருக்கட்டும். அடுத்த வருசம் அவர் வராட்டி நாங்க ஆரெண்டு சொல்லி இறங்குறது?"

வியாபாரி ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பருவம் முழுக்கக் கிழிந்த இடத்தைச் சாக்கூசியால் தைத்துத் தைத்து விளையாடினோம். குட் லெங்தில் பந்து தையலில் பட்டால் எங்கே திரும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. புது மற்றிங் 2024இல்தான் வந்தது, சந்தாக் காசிலும் வெளிநாட்டில் இருக்கிற பழைய பெடியள் அனுப்பியதிலும்.

மகன் இப்போது எங்கள் கழகத்தில்தான் விளையாடுகிறான். போன கிழமை சந்தாக் கொப்பியில் தன் பெயரைத் தானே எழுதிக் காசைத் தந்தான். குதிரை வரைந்த ரீ-சேர்ட் அவனுக்கு எப்போதோ சின்னதாகிவிட்டது, அவன் அம்மா அதை அலுமாரியில் மடித்து வைத்திருக்கிறாள்.