டெக்ஸ்டர் அவென்யூவில் ஒரு வெள்ளிக்கிழமை

அட்லாண்டாவிலிருந்து அலபாமாவின் தலைநகர் மான்ட்கோமரிக்கு இரண்டரை மணி நேர ஓட்டம். ஐ-85 நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் நேரே கொண்டுபோய் விட்டுவிடும். ஒன்பதரைக்கே வந்துவிட்டோம் என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது மனைவி செல்போனை நீட்டினாள். "இங்கே இப்பதாங்க எட்டரை." ஜார்ஜியா எல்லையைத் தாண்டி அலபாமாவுக்குள் நுழைந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். பக்கத்து மாநிலத்திலேயே இத்தனை வருடம் குப்பை கொட்டிவிட்டு இதைக் கோட்டை விட்டிருக்கிறேன். எதுவும் திறக்கவில்லை. சரி, கோர்ட் சதுக்கத்து நீரூற்றுப் பக்கம் உட்காரலாம் என்று போனோம்.

அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. உள்நாட்டுப் போருக்கு முன்னால் இந்த முக்கில்தான் அடிமைகளை ஏலம் விட்டார்கள். 1955 டிசம்பர் 1 மாலை வேலை முடிந்து ரோசா பார்க்ஸ் பஸ் ஏறியதும் இங்கேதான். அன்று வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதானார், அதிலிருந்துதான் கறுப்பின மக்களின் பஸ் புறக்கணிப்பு தொடங்கியது. இப்போது அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது, 2019-ல் வைத்தது. பக்கத்திலேயே நான்கு கல்வெட்டுகள். பலரும் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள். பஸ் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது நமக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸில் இனப் பிரிவினை செல்லாது என்று கடைசியில் சொன்னது நீதிமன்றம். அந்த வழக்கில் பார்க்ஸ் வாதி அல்ல. வாதிகள் வேறு நான்கு பெண்கள், அந்தக் கல்வெட்டுகள் அவர்களுக்குத்தான். அதில் கிளாடெட் கால்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே இடத்தை விட்டு எழ மறுத்துக் கைதானவர். அப்போது அவருக்குப் பதினைந்து வயது.

சதுக்கத்திலிருந்து டெக்ஸ்டர் அவென்யூ மெல்ல மேடேறுகிறது. உச்சியில் வெள்ளை வெளேரென்று கேப்பிடல், மாநிலச் சட்டமன்றத்துக்காகக் கட்டிய பழைய கட்டடம். அதற்கு ஒரு தெரு கீழே, சின்னதாக ஒரு செங்கல் தேவாலயம். 1954 முதல் 1960 வரை மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்தது இங்கே. வாசலில் நின்று நிமிர்ந்தாலே கேப்பிடல் கண்ணில் இடிக்கிறது. இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கேப்பிடல் முகப்பில், தரையில் ஒரு பித்தளை நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். 1861 பிப்ரவரியில் ஜெபர்சன் டேவிஸ், அடிமை முறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவராகப் பதவியேற்ற இடம். 1963-ல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், இனப் பிரிவினை இன்றும் நாளையும் என்றென்றும் என்று முழங்கியதும் இதே முகப்பில். இரண்டே வருடத்தில், 1965 மார்ச் 25 அன்று, வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து 54 மைல் நடந்துவந்தவர்களோடு சேர்ந்து சுமார் 25,000 பேர் இந்தப் படிக்கட்டுக்குக் கீழே திரண்டார்கள்.

என்னை நிறுத்திவைத்தது நட்சத்திரம் அல்ல, உள்ளே இருக்கும் மாடிப்படி. நுழைந்ததும் இரண்டு பக்கமும் சுருள் சுருளாக மூன்று தளத்துக்கு ஏறுகிறது. நடுவில் தாங்குவதற்குத் தூண் கிடையாது. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன், எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பிடிபடவே இல்லை. இது ஹொரேஸ் கிங்கின் கைவண்ணம் என்கிறார்கள். அடிமையாகப் பிறந்து பாலம் கட்டுவதில் பேர் வாங்கியவர். 1846-ல் இதே மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டு அவரை விடுதலை செய்தது. போர் முடிந்த பிறகு 1868-ல் சட்டமன்ற உறுப்பினராகவும் தேர்வானார். தான் கட்டிய படியில் தானே உறுப்பினராக ஏறிப் போயிருக்கிறார், மனுஷன்.

அந்த வாசலை இழுத்துச் சாத்தியது 1901-ன் மாநில அரசியலமைப்பு. வெள்ளையர் ஆதிக்கத்தை நிறுவுவதே நோக்கம் என்று அதை எழுதிய மாநாட்டின் தலைவரே தொடக்கத்தில் வெளிப்படையாகச் சொன்னார். படிப்பறிவு வேண்டும், சொத்து வேண்டும், ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும், அதிலும் பாக்கி வைத்தால் சேர்ந்துகொண்டே போகும். 1900-ல் 1,80,000-க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1903-க்குள் 3,000-க்கும் கீழே வந்துவிட்டார்கள். இதை ஏற்கலாமா என்று ஓட்டெடுப்பு வேறு நடத்தினார்கள். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த மாவட்டங்களில்தான் ஆதரவு ஓட்டு கொட்டோ கொட்டென்று கொட்டியது! மற்ற இடங்களை மட்டும் எண்ணியிருந்தால் தோற்றிருக்கும். கள்ள ஓட்டு என்பதை நம் ஊர் ஆளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உலகிலேயே நீளமான அரசியலமைப்பு இந்தியாவுடையது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது நாடுகளுக்கு மட்டும்தான். அலபாமாவின் 1901 அரசியலமைப்பு கடைசியில் கிட்டத்தட்ட 4 லட்சம் சொற்கள், 900-க்கு மேல் திருத்தங்கள் என்று வளர்ந்திருந்தது. மாவட்டங்களுக்குத் தாமாக முடிவெடுக்கும் அதிகாரம் கொடுக்காததால், கொசு ஒழிப்புக்கும் பிங்கோ ஆட்டத்துக்கும் செத்த கால்நடைகளை அப்புறப்படுத்துவதற்கும்கூட அரசியலமைப்பைத் திருத்தியிருக்கிறார்கள். பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர் தனித்தனி என்ற வரியை எடுக்க 2004-ல் வாக்கெடுப்பு வைத்தார்கள். 2,000-க்கும் குறைவான ஓட்டில் தோற்றது. 2012-ல் மறுபடி தோற்றது. கடைசியில் 2022-ல்தான், மொத்த ஆவணத்தையும் ஒழுங்குபடுத்தும் சாக்கில், அந்த வரி போனது.

எதிரிலேயே மாநில ஆவணக் காப்பகம். அதுவும் 1901-ல் தொடங்கியது, அமெரிக்க மாநிலங்களிலேயே முதலாவது. போரில் தோற்ற தரப்பின் கதையையே பல காலம் சேர்த்துவைத்தோம், கறுப்பின மக்களின் ஆவணங்களைக் கண்டுகொள்ளவில்லை என்று 2020-ல் அவர்களே அறிக்கை விட்டார்கள். ஓர் அரசு அலுவலகம் இப்படிச் சொல்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்புறம் மதியத்துக்கு மேல், கும்பல் கொலைகளில் இறந்த கறுப்பின மக்களுக்கான நினைவிடம். 2018-ல் திறந்தது. துருப்பிடித்த நிறத்தில் 800-க்கு மேல் இரும்புத் தூண்கள், மாவட்டத்துக்கு ஒன்று, அதில் பெயரும் தேதியும். முதலில் கண்ணுக்கு நேரே இருக்கின்றன. நடக்க நடக்கத் தரை இறங்குகிறது, தூண்கள் தலைக்கு மேலே தொங்க ஆரம்பிக்கின்றன. அதற்குமேல் பெயர்களைப் படிக்க முடியாது.

சுவரோரம் சின்னச் சின்னப் பலகைகளில் காரணம் எழுதியிருக்கிறார்கள். மனைவி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். ஜெஸ்ஸி தார்ன்டன், லுவெர்ன், அலபாமா, 1940. ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரரை 'மிஸ்டர்' போடாமல் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதற்காகக் கொன்றிருக்கிறார்கள். "மரியாதை இல்லாம பேசினான்னா?" என்று மட்டும் கேட்டாள். ஊரில் கேட்டுப் பழகிய வாக்கியம் என்பதால் எனக்குப் பதில் வரவில்லை.

திரும்பும் வழியில் டஸ்கீகி பக்கம் பெட்ரோல் போட நிறுத்தினோம். கடை வாசலில் பெரிய பாத்திரத்தில் அவித்த வேர்க்கடலை, உப்புத் தண்ணீரோடு. தெற்கே வந்தால் இது ஒன்று போதும் எனக்கு. கல்லாவில் இருந்தது பதினெட்டு வயது வெள்ளைக்காரப் பையன். சின்னக் கப்பா பெரிய கப்பா என்று கேட்கவும், காசு வாங்கவும், சில்லறை கொடுக்கவுமாக மூன்று முறை 'சார்' போட்டான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான், அது வழக்கம். எனக்குப் பின்னால் நின்ற வயதான கறுப்பின மனிதருக்கு எத்தனை முறை போட்டான் என்று, காருக்குப் போகாமல் நின்று எண்ணினேன். அவருக்கும் மூன்று.