எல்லையோர ஊர்களிலிருந்து தமிழில் ஒரு ராக் இதழ்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து கல்லூரிக்குப் போய்வரும் மாணவர்கள் சிலர் சேர்ந்து தமிழில் ஒரு ராக் இசை இதழ் கொண்டுவருவதென்று முடிவு செய்திருக்கிறோம். வேலை இப்போது ஆராய்ச்சிக்கும் அச்சுக்கும் நடுவில் நிற்கிறது. என்னென்ன படித்தோம், எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டோம் என்பதை இந்தக் கட்டத்திலேயே எழுதி வைத்தால் இதே ஆசையுள்ள வேறு மாணவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

இந்த இதழுக்கான காரணம் எங்கள் ஊர்களின் இருப்பிடத்திலேயே இருக்கிறது. எங்களுக்குக் கொச்சியைவிடக் கோயம்புத்தூர் பக்கம். ஆனால் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடுவது பெரும்பாலும் மலையாளச் சேனல்கள். அதனால் இரண்டு பக்கத்து இசையும் காதில் விழுந்தே வளர்ந்தோம். கொச்சியின் '13ஏடி' ராக் குழு 1990-இல் 'கிரவுண்ட் ஜீரோ' என்ற ஆல்பத்தை வெளியிட்டது எங்கள் அப்பா, சித்தப்பா தலைமுறையின் கதை. 1996-இல் கொச்சியில் தொடங்கிய 'மதர்ஜேன்' குழுவில் பைஜு தர்மஜன் மின்கிட்டாரின் தந்தியை வளைத்துக் கர்நாடக இசையின் கமகம் பிடித்த விதத்தை, 2008-இல் வந்த 'மக்தூப்' ஆல்பத்தில் இன்றும் கேட்கலாம். அதே ஆண்டில் 'அவியல்' குழு, மலையாளத்திலேயே ராக் பாடலாம் என்று ஒரு முழு ஆல்பத்தால் நிறுவியது. 2013-இல் கப்பா டிவி என்ற மலையாள இசைச் சேனலின் மேடையிலிருந்து பெயர்பெற்ற 'தைக்குடம் பிரிட்ஜ்' குழுவின் வயலின்காரர் கோவிந்த் வசந்தாவைத் தமிழ்நாடு '96' படத்தின் இசையமைப்பாளராகவே அறியும். அந்தப் பக்கம் சென்னையில், 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறி, கானாவையும் பறையையும் ராக் கிட்டாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. இவற்றையெல்லாம் சேர்த்துத் தமிழில் தொடர்ந்து எழுதும் இதழ் ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. திரைப்பாடலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம் பத்திரிகைகள், மேடைக் குழுக்களை ஆண்டுக்கொரு முறை ஒரு பெட்டிச் செய்தியில் தொட்டுவிட்டுப் போய்விடுகின்றன. ஒரு குழு கலைந்துவிட்டால் அது வாசித்ததற்கான சான்று யூடியூபில் கிடக்கும் மங்கலான ஒரு காணொளி மட்டும்தான்.

பழைய இதழ்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியதும் எங்களுக்குப் பெரிய தெம்பு கிடைத்தது. ராக் இசையைப் பொறுப்போடு எழுதிய முதல் அமெரிக்க இதழ்களில் ஒன்றான 'கிராடாடி', ஒரு கல்லூரி மாணவர் தொடங்கியது. பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் முதலாண்டு படித்த பால் வில்லியம்ஸ் 1966-இன் தொடக்கத்தில் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 17. முதல் இதழ் பத்தே பக்கம். சைக்ளோஸ்டைல் செய்து 500 பிரதிகள். உலகமறிந்த 'ரோலிங் ஸ்டோன்' சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில்தான். 1976 ஜூலையில் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி ஊழியர் தட்டச்சு செய்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் கையில் எழுதி, நகலெடுத்து வெளியிட்ட 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பங்க் ராக் இதழ் முதலில் ஐம்பது பிரதிகளே போடப்பட்டது. பங்க் இசை என்றால் என்ன என்று வரலாற்றாசிரியர்கள் இன்று அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எங்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது நம் நாட்டு உதாரணம். 1993-இல் அமித் சைகல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழைத் தொடங்கியது மும்பையிலோ பெங்களூரிலோ அல்ல, அலகாபாத்தில். ராக் கச்சேரிகளுக்குப் பெயர்போன எந்த நகரத்துக்கும் பக்கத்தில் இல்லாத ஊர் அது. அங்கிருந்துகொண்டே நாடெங்கும் சிதறிக் கிடந்த குழுக்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி, அவர்களுடைய பாடல்களைத் தொகுப்பாக வெளியிட்டு, 1997 முதல் 'கிரேட் இந்தியன் ராக்' விழாவையும் நடத்தினார். 2012-இல் அவர் இறந்தபோது பல குழுக்கள் தங்கள் வீட்டு மனிதர் போனதைப்போல் துக்கப்பட்டன. எங்கள் எல்லையோரத்து வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் உட்கார்ந்துகொண்டு ராக் இதழ் நடத்த முடியுமா என்று எங்களைக் கேட்பவர்களுக்கு நாங்கள் அலகாபாத்தைத்தான் பதிலாகச் சொல்கிறோம்.

பெரிய இதழ்களின் அட்டைகளையும் வாங்கிப் பரப்பி ஆராய்ந்தோம். 1981 ஜூனில் பிரிட்டனின் 'சவுண்ட்ஸ்' இசை வாரப் பத்திரிகையின் இணைப்பாக வந்த 'கெராங்' முதல் இதழின் அட்டையில் ஏசி/டிசி ராக் குழுவின் கிட்டார்க்காரர் ஆங்கஸ் யங் இருந்தார். பாடகரின் அழகான முகத்தைத் தேடாமல், வாசிக்கும் உடம்பின் வேகத்தை அட்டையில் போடும் பழக்கம் அந்த இதழுக்குத் தொடக்கத்திலேயே இருந்தது. 1952-இல் தொடங்கிய பிரிட்டிஷ் இசை வார இதழ் 'என்எம்இ' 2015-இல் இலவச இதழாக மாறி, 2018 மார்ச்சில் வாராந்திர அச்சையே நிறுத்தியது. அட்டையின் தலைப்பெழுத்து, வண்ணத் தேர்வு, ஓரத்துத் துணைத் தலைப்புகள் எல்லாவற்றையும் பாடமாகப் படித்தோம் என்றாலும், இதழியல் வகுப்பில் இவற்றுக்குத் தரப்படும் முக்கியத்துவம் சற்று அதிகம் என்பது என் கருத்து. வாசகர் ஒரு இதழைப் பத்திரப்படுத்தி வைப்பது உள்ளே இருக்கும் பேட்டிக்காகவும் விமர்சனத்துக்காகவும்தான். அட்டையைப் பொறுத்தவரை எங்கள் விதி ஒன்றுதான்: பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால், சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து இதழின் பெயரைப் படிக்க முடிய வேண்டும்.

வாசகர் யார் என்று அறிய விடுதிகளிலும் பேருந்திலும் கேள்வித்தாள் கொடுத்தோம். 'உங்களுக்கு ராக் பிடிக்குமா' என்று கேட்டால் ஆம், இல்லை என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. அதை விட்டுவிட்டு, கடைசியாக எந்த மேடையின் முன்னால் நின்று பாட்டுக் கேட்டீர்கள், யாருடன் போனீர்கள், திரும்பி வர எப்படி வண்டி பிடித்தீர்கள் என்று கேட்கத் தொடங்கிய பிறகே பதில்களில் உயிர் வந்தது. கோயம்புத்தூர்க் கல்லூரிக் கலைவிழாக்களில் நம் பெண்கள் பலர் பாதிக் கச்சேரியிலேயே கிளம்பிவிட வேண்டியிருக்கிறது என்பதும், அதற்குக் காரணம் கடைசிப் பேருந்து என்பதும் அப்படித்தான் தெரிந்தது. அதனால் ஒவ்வொரு இதழிலும் வரவிருக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியலோடு, முடியும் நேரமும் திரும்பும் வண்டியின் விவரமும் அச்சாகும். இதைச் சிறிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

பேட்டிக்கான பயிற்சியாக, எங்கள் பக்கத்துக் கல்லூரிக் குழு ஒன்று ஒத்திகை பார்க்கும் இடத்துக்குப் போனோம். நெல் மண்டியின் மாடியில் ஒரு நீளமான அறை. கிட்டார்க்காரர் தந்தியிலிருந்து விரலை எடுத்தவுடன் ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து ஓர் இரைச்சல் எழும்; விரலை வைத்தால் அடங்கும். சுவிட்ச் பலகையில் எர்த் சரியில்லாததால் அப்படி என்று விளக்கிய அவர், அந்த இரைச்சல் கேட்காதபடி பாட்டுக்கு நடுவே வரும் மௌனங்களில் உள்ளங்கையைத் தந்திகள்மேல் படிய வைத்தே பழகியிருந்தார். டிரம்ஸ் வாசிப்பவர் கோவில் விழாக்களில் செண்டை அடித்துப் பழகியவர். ஸ்னேர் டிரம்மின்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, வேகமான இடத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அதை விரல் அகலம் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தார். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் பெயரை நாங்கள் எடுத்தபோது அவர் வாசிப்பை நிறுத்திவிட்டு, சொற்கட்டு ஒன்றை வாயால் சொல்லி, பிறகு அதையே காலால் பேஸ் டிரம்மில் போட்டுக் காட்டினார். 'உங்களுக்கு முன்மாதிரி யார்' என்ற கேள்விக்கு எந்தக் குழுவும் ஒரே பதிலைத்தான் சொல்லும். 'இந்தப் பாட்டில் எந்த இடத்தை அமைப்பதற்கு உங்களுக்குள் சண்டை வந்தது' என்று கேட்டபோது நால்வரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் நடுப்பக்கப் பேட்டிக்கு அந்தக் கேள்வியே முதுகெலும்பு.

படங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய கச்சேரிகளில் படமெடுப்பவர்களை முதல் மூன்று பாடல்களுக்கு மட்டும், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க அனுமதிப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. கல்லூரி மேடையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை; ஆனால் மேடை முழுக்க எல்ஈடி விளக்கின் நீலமும் ஊதாவும்தான். அப்படி எடுத்த ஒரு படத்தைக் கோயம்புத்தூரில் அச்சகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதனைப் பிரதி எடுத்தபோது, திரையில் மின்னிய நீலம் தாளில் சாம்பல் படிந்த கத்தரிப்பூ நிறமாக இறங்கியது. அச்சகத்து அண்ணன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "திரையில தெரியற நீலம் வேறைங்க தம்பி, மசியில வர்ற நீலம் வேறை. நாலு மசியை வெச்சுக்கிட்டு வெளிச்சத்தைப் போட முடியாதுங்க" என்றார். அதன் பிறகு உள்பக்கங்கள் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் போடுவதென்று முடிவு செய்தோம். செலவு குறைவதும் உண்மை. அதைவிட முக்கியமாக, வியர்வையும் தந்தியும் தோலும் கறுப்பு வெள்ளையில்தான் தெளிவாகத் தெரிகின்றன. அட்டை மட்டும் மல்டிகலர். நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வர வேண்டும் என்பதால் 32 பக்கமும் அட்டையும் என்று வைத்திருக்கிறோம். சில நூறு பிரதிகளுக்கு ஆஃப்செட்டில் பிளேட் செலவு கட்டுப்படியாகாது. டிஜிட்டல் அச்சே சரி.

ஆங்கில இதழ்களின் வடிவமைப்பை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது என்பதைப் பக்கம் கட்டும்போது கண்டோம். நம் சொற்கள் நீளமானவை. ஒரு பக்கத்தை மூன்று குறுகிய பத்திகளாகப் பிரித்து இரு ஓரமும் சமப்படுத்தினால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய வெள்ளை இடைவெளிகள் விழுகின்றன. ஆகவே இரண்டு பத்திகள், இடது ஓரம் மட்டும் நேராக. கட்டுரையின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடும்போது 'கொ' போன்ற எழுத்து வந்தால், கொம்பும் காலும் சேர்ந்தே பெரிதாக வேண்டும். மென்பொருளை நம்பி விட்டுவிட்டால் அது பிரிந்து நிற்கக்கூடும். பல அச்சகங்கள் இன்னும் ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் பழகியவை. நாங்கள் யூனிகோடிலேயே பக்கம் கட்டி, பிடிஎஃப் ஆகத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். அப்போதுதான் இதே கட்டுரைகளை நாளைக்குத் தேடியெடுக்க முடியும்.

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிட்டோம். பாடல் வரிகளை முழுதாக அச்சிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். விமர்சனத்துக்குத் தேவையான அளவு மேற்கோள் காட்ட 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. இணையத்தில் கிடைக்கும் படங்களைத் தொடுவதில்லை. எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி பெற்ற படங்களே வரும். பருவ இதழ்களுக்கான 2023-ஆம் ஆண்டுப் புதிய பதிவுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருப்பதால், முதல் வெளியீட்டைத் தனி மலராகக் கொண்டுவந்து, தொடர்ந்து நடத்த முடியும் என்று உறுதியான பிறகு பதிவுக்கு விண்ணப்பிப்போம்.

கேரளக் கல்லூரிகளில் ஆண்டு மலருக்கான மாணவ ஆசிரியரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நல்ல வழக்கம் உண்டு. இருந்தும் நாங்கள் கல்லூரி மலருக்குள் இதை அடக்க விரும்பவில்லை. அதில் எல்லாருக்கும் இடம் வேண்டும், ராக் இசைக்கு நான்கு பக்கம் மிஞ்சினால் பெரிது. விற்பனைக்கு எங்கள் முன்னால் இருப்பவர் சி. சு. செல்லப்பா. 1959-இல் 'எழுத்து' இலக்கிய இதழைத் தொடங்கிய அவர், தம் வெளியீடுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். எங்கள் மாவட்டத்துச் சித்தூர், பாலக்காடு, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களின் கல்லூரி வாசல்களுக்கு நாங்களே பிரதிகளை எடுத்துச் செல்வோம்.

முதல் மலரின் உள்ளடக்கம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது: நெல் மண்டிக் குழுவின் பேட்டி ஆறு பக்கம், 'மக்தூப்' ஆல்பத்தை இன்று திரும்பக் கேட்டு எழுதும் நீண்ட கட்டுரை, கோயம்புத்தூர் மேடைகளின் இரண்டு நேரடிப் பதிவுகள், புதிய பாடல்களின் விமர்சனம், குறைந்த விலையில் கிட்டார் ஒலியை மாற்றும் பெடல் வாங்குபவர் கவனிக்க வேண்டியவை, நிகழ்ச்சிப் பட்டியல். ஒரு பகுதிக்கு மட்டும் இன்னும் போதிய பொருள் சேரவில்லை. 1980களிலும் 90களிலும் பாலக்காடு, பொள்ளாச்சி வட்டாரத்தில் மேடையேறிய குழுக்களைப் பற்றிய பக்கங்கள் அவை. மீனாட்சிபுரம் முதல் வேலந்தாவளம் வரை யார் வீட்டுப் பரணிலாவது அந்தக் காலத்துக் கேசட், துண்டறிக்கை, நுழைவுச்சீட்டு, புகைப்படம் இருந்தால் தெரிவியுங்கள். நாங்களே வந்து அங்கேயே ஸ்கேன் செய்துகொண்டு, அசலை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம்.