எஸ்டீம் என்ஜினும் ஜிப்ஸி கியர்பாக்ஸும்: வீட்டில் கட்டிய காரில் பொருத்திய அனுபவம்

வீட்டில் கட்டும் காருக்கு என்ஜின் பொருத்தப் போகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது, என்ஜினை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வியோடு வேலையைத் தொடங்க வேண்டாம் என்பதே. பின் அச்சை முதலில் நிலைநிறுத்தி, அங்கிருந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டு) வழியாகக் கியர்பாக்ஸுக்கு வந்து, கடைசியாக என்ஜினின் இடத்தைத் தீர்மானிப்பதுதான் பாதுகாப்பான வரிசை. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் நான் கட்டிய கார், 1957இல் இங்கிலாந்தில் வெளிவந்த லோட்டஸ் செவன் வகையைப் பின்பற்றியது: இரும்புக் குழாய்ச் சட்டம், இரண்டு இருக்கைகள், முன்னால் என்ஜின், பின்சக்கர இழுவை.

மாருதி எஸ்டீமின் பிற்கால எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் தெளிக்கும்) என்ஜினைத் தேர்ந்தெடுத்தேன். 1298 சிசி, 16 வால்வு, ஏறத்தாழ 85 குதிரைத்திறன். பிளாக் அலுமினியம் என்பதால் எடை குறைவு. ஆனால் எஸ்டீம் முன்சக்கர இழுவை கொண்ட கார். அதன் கியர்பாக்ஸ் நமக்குப் பயன்படாது. அதே ஜி13 குடும்பத்து என்ஜினோடு வந்த மாருதி ஜிப்ஸி ஜீப்பின் கியர்பாக்ஸ் இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டாமல், நடுவில் ஒரு குட்டை ஷாஃப்டுடன் தனியாகத் தொங்குகிறது. ஆகவே அதை முழுவதுமாக விட்டுவிட்டு, கியர்பாக்ஸின் பின் ஃபிளாஞ்சிலேயே (போல்ட் மாட்டும் விளிம்புத் தகடு) ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை மாட்டிவிடலாம். இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. சாதாரண ஓட்டத்திலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் சுமார் 1.4 மடங்கு வேகக் குறைப்பைச் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் கியர்கள் அந்த அளவுக்கு நீண்டுவிடுகின்றன; அதாவது என்ஜினின் அதே வேகத்தில் சக்கரம் அந்த அளவுக்கு வேகமாகச் சுழலும். எடை குறைந்த காருக்கும் 13 அங்குலச் சக்கரத்துக்கும் அது பொருந்தியே வந்தது. ஸ்பீடாமீட்டர் கேபிளும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்துதான் புறப்படுகிறது; ஆகவே வேகம் காட்ட வேறு வழி தேட வேண்டும். கிளட்ச், ஃபிளைவீல், கியர்பாக்ஸ் முன் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் சிறிய பைலட் பேரிங் ஆகிய மூன்றையும் ஜிப்ஸியின் செட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சிவாஜி நகர்ப் பழைய சாமான் கடைகளில் என்ஜின் மட்டும் மலிவாகக் கிடைக்கும். நான் ஓட்டம் முடிந்த ஒரு முழுக் காரையே வாங்கினேன். ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), சென்சார்கள், ஒயரிங் கிட், எரிபொருள் பம்ப் எல்லாம் ஒரே காரிலிருந்து வந்தால் பாதித் தலைவலி தீர்ந்தது. விற்பனை ரசீதில் என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் எழுதி வாங்குவதும், அந்தக் காரின் பதிவை ஆர்டிஓவில் முறைப்படி ரத்து செய்ய வைப்பதும் கட்டாயம். திருட்டுக் காரின் என்ஜின் நம் ஷெட்டுக்குள் வந்துவிடக் கூடாது.

ஷாஃப்டைச் சுருக்கிச் சமன்படுத்தப் பீன்யாவில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் ஆம்பூரிலிருந்து வந்து பல வருடங்களாக அங்கேயே இருப்பவர். அளவுச் சீட்டை நீட்டியதும் அதை வாங்காமலேயே கேட்டார்: “தம்பி, இந்த அளவு வண்டியில ஆள் உக்காந்து எடுத்ததா, சும்மா நிக்கும்போது எடுத்ததா?”

“மணல் மூட்டை வச்சு எடுத்தேன், அண்ணே. ரெண்டு சீட்லயும் ஆள் எடைக்கு.”

“அப்பன்னா குடு.”

அந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்டும் பின் அச்சின் பினியனும் (ஷாஃப்ட் வந்து சேரும் சிறு பற்சக்கரத் தண்டு) ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யூ-ஜாயிண்ட் (சாய்வாகவும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) கோணங்கள் சமமாகி, ஒன்று உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று ஈடுசெய்யும். இல்லையென்றால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை அதிரும். அந்த அதிர்வு வேகம் கூடக்கூடச் சட்டம் முழுவதும் பரவும். கோணம் மூன்று டிகிரிக்குள் இருப்பது நல்லது, ஆனால் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது. சிறிதளவாவது சாய்வு இருந்தால்தான் மூட்டின் நடுவே சிலுவை வடிவில் இருக்கும் கிராஸில் உள்ள ஊசி பேரிங்குகள் உருண்டு கிரீஸ் பரவும். ஸ்பிரிங் அழுந்திய நிலையில் இந்தக் கோணங்களை அளந்து, கியர்பாக்ஸை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி இறக்கிச் சரிசெய்த பிறகே என்ஜின் மவுண்டிங் பிராக்கெட்டுகளுக்கு அட்டையில் மாதிரி வெட்டினேன். பிராக்கெட்டுகளை முதலில் புள்ளிப் புள்ளியாக ஒட்டவைத்து, ரப்பர் புஷ்ஷோடு என்ஜினை இறக்கிக் கோணத்தை மறுபடி பார்த்த பின்பே முழு வெல்டிங்.

என்ஜின் தாழ்வாக உட்கார்ந்ததால் ஆயில் சேம்பர் (என்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி) சட்டத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. ஃபிளாஞ்சை லேசரில் வெட்டி, ஆழத்தைக் குறைத்து, அதே அளவு எண்ணெய் கொள்ளும்படி பக்கவாட்டில் அகலப்படுத்தித் தகட்டில் புதிதாகச் செய்தேன். வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடிவிட்டால் பம்ப் காற்றை உறிஞ்சி, பேரிங்குகள் தீய்ந்துவிடும்; அதற்காக உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்தேன். வெல்டிங்கில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்கப் பழைய முறையே போதும்: வெளிப்புறத் தையல் முழுவதும் சுண்ணாம்பைப் பூசிக் காயவைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். காலையில் ஒரு மூலையில் மட்டும் வெள்ளையின் நடுவே கடுகளவு ஈரப்புள்ளி தெரிந்தது. அந்த இடத்தைத் தேய்த்து மறுபடி வெல்ட் செய்து, சுண்ணாம்புச் சோதனையையும் மறுபடி செய்தேன்.

ஒயரிங்கை வெட்டிச் சுருக்காமல் முழுதாகவே விரித்து, தேவையற்ற கிளைகளை மட்டும் பெயர் எழுதி ஒதுக்கினேன். இதில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கும் என்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவே தடிமனான எர்த் பட்டை இல்லையென்றால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடாகி இறுகிவிடும். ரேடியேட்டர் மூக்கில் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் ஊற்றும் தொட்டியை என்ஜினின் தலையைவிட (ஹெட்) உயரத்தில், என்ஜினையும் இருக்கைப் பகுதியையும் பிரிக்கும் தடுப்பான ஃபயர்வாலில் பொருத்தினேன். இல்லாவிட்டால் ஹெட்டில் காற்று தங்கிவிடும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்குகளைக் கழற்றி, பம்ப் ஃபியூஸை எடுத்து, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை செல்ஃபில் சுற்றினேன். அதன் பிறகு பிளக்குகளையும் ஃபியூஸையும் மாட்டியதும் என்ஜின் உடனே உயிர் பெற்றது. கூலிங் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும்வரை அதன் பக்கத்திலேயே நின்று எல்லா இணைப்புகளையும் கையால் தொட்டுப் பார்த்தேன்.

இந்தக் காரைச் சாலையில் ஓட்ட முடியாது என்பதைத் தொடங்கும்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் அதை உறுதிப்படுத்தியது. முற்றிலும் புதிய வாகனம் என்றால், தயாரிப்பாளர் அதை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் தேறவைக்க வேண்டும். தனி மனிதருக்கு அது எட்டாத செலவு. ஆகவே ஒசூர் சாலை வழியாக டிரக்கில் ஏற்றிக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய்த்தான் ஓட்டுகிறேன். அங்கே ஓடித் திரும்பிய பின் மவுண்டிங் போல்ட்டுகளையும் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் சோதித்தேன். எதுவும் தளரவில்லை, ஷாஃப்டிலும் அதிர்வு இல்லை. வேகம் காட்டப் பின் அச்சின் ஃபிளாஞ்சில் ஒரு சென்சார் வைக்கும் வேலை மட்டும் பாக்கியிருக்கிறது. அதற்கான பிராக்கெட்டை இப்போது அட்டையில் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.